காலியாக விடாத ஒரு கட்டம்

போன வாரம் இந்த வீட்டில் அப்பாவும் மகளும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளவில்லை. இந்த வாரமும் அதே நிலவரத்தில்தான் விடிந்தது.

இப்போதுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம். அப்பா பஸ் டெப்போவில் யார்டு சூப்பர்வைசர். ஓடிவிட்டு வரும் பஸ்களை எங்கே நிறுத்துவது, மூஞ்சி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதை விசில் அடித்துச் சொல்கிறவர். மகள் இன்சூரன்ஸ் ஆபீஸில் நல்ல வேலையில் இருந்தவள். அதை விட்டுவிட்டு வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து, போனில் ஆடுகிற ஒரு விளையாட்டைச் செய்துகொண்டிருக்கிறாள். நெரிசலான ஒரு முற்றம், அதில் கலர் கலராகப் பஸ்கள். முன்னும் பின்னும் மட்டுமே நகரும். அவற்றை நகர்த்தி நகர்த்தி, குறிப்பிட்ட ஒரு வண்டியை வாசலுக்குக் கொண்டு வர வேண்டும். டீ ஆறுவதற்குள் ஒரு கட்டம் முடிந்துவிடும். யாரையும் சுட வேண்டியதில்லை. தோற்றால் ஒரு பஸ் சோகமாக ஹாரன் அடிக்கும், அவ்வளவுதான் தண்டனை.

அவள் வேலையை விட்ட அன்று அப்பா கடைசியாக நேரில் கேட்டது இது: "வேலை நேரத்துல விளையாடுறவனுக்கு விளையாட்டு செஞ்சு குடுக்குறது ஒரு வேலையா?"

அதன் பிறகு எல்லாம் அம்மா வழியாகத்தான். மூன்று பேரும் ஒரே அறையில் இருக்கும்போதே, ஃபேனைக் குறைக்கச் சொல்லு என்பார். அம்மா தலையைத் திருப்பி, ஃபேனைக் குறைக்கணுமாம் என்பாள். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, ஆவியில் வேகவைத்து, அடுக்கிக் கொடுக்கிற வேலை. சூடான, கூரான சாமான்களைக் கைமாற்றுவது அவளுக்குப் புதிதில்லை.

உறவினர்கள் விசாரித்தால் அப்பா, "பொண்ணு கம்ப்யூட்டர்ல இருக்கா" என்று முடித்துக்கொள்வார். எந்த மூலையில் இருக்கிறாள் என்று யாரும் தோண்டியதில்லை.

இந்த வீட்டில் யாரும் வாயே திறக்காத இன்னொரு விஷயம் சித்தப்பா. அவரும் அதே டெப்போவில் டிரைவராக இருந்தவர். ஒருநாள் நீலப் பஸ் ஒன்றைப் பின்னால் எடுக்கும்போது, பஸ் கழுவும் மேடை ஓரத்துத் தூணில் உரசிவிட்டார். அண்ணனான அப்பா எல்லார் முன்னாலும் வைத்து வாய்க்கு வந்தபடி பேசினார்.  தம்பி சாவியை பானெட்டின் மேல் வைத்துவிட்டு நடந்து போனவர்தான். மகள் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். இன்றுவரை தகவல் இல்லை.

தூணில் அந்த நீலக் கீறல் மட்டும் இருக்கிறது. சுவருக்கு பெயின்ட் அடிக்க ஆள் வரும்போதெல்லாம் அந்த ஓர் இடத்தை விட்டுவிடச் சொல்வார் அப்பா. ரிவர்ஸ் எடுக்கிறவர்களுக்கு அளவுக்கு வேண்டும் என்பது அவர் சொல்லும் காரணம். எந்த டிரைவரும் அதை வைத்து அளவு பார்த்ததாகச் சாட்சி கிடையாது.

சரி, இன்றைக்கு வருவோம்.

*

மகளின் விளையாட்டில் 'கொக்கு' என்ற பெயரில் ஓர் ஆட்டக்காரர் உண்டு. ஒரு கட்டத்தையும் விட்டதில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு புகார் எழுதுவார். நீளப் பஸ்ஸின் பின்சக்கரம் இப்படித் திரும்பாது, கவனிக்கவும். மினி பஸ்ஸின் ஹாரன் சத்தம் சரியில்லை, நேரில் போய்க் கேட்கவும். ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் மகள் அம்மாவிடம், கொக்குன்னு ஒரு ஆள் உயிரை எடுக்குறான், அவனுக்கு வேற பொழப்பே இல்ல போலிருக்கு என்று சொன்னாள். அப்பா தட்டைப் பார்த்தபடி மிகுந்த ஈடுபாட்டோடு சாப்பிட்டார். அம்மாவுக்குப் புரை ஏறியது.

அந்தக் கொக்கு இன்று காலை டீ இடைவேளையில், டீசல் டேங்க் நிழலில் நின்றபடி மிகக் கடினமான கட்டமொன்றை முடித்தது. முடித்ததும் போனிலிருந்து ஒரு சின்ன இசை வரும். அந்த இசை அப்பாவின் தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதன் விளைவுதான் எல்லாம்.

யார்டில் அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. எவ்வளவு வண்டி வந்தாலும் ஒரு பஸ் நிற்கிற இடத்தைக் காலியாகவே விட்டுவைப்பார். அதற்கு அவர் வைத்த பெயர் மூச்சு. மூச்சு இருந்தால்தான் யார்டு உயிரோடு இருக்கும் என்று புதிதாக வருகிற டிரைவர்களிடம் சொல்வார். மேனேஜர் ஒருமுறை அங்கே தன் காரை நிறுத்தியபோது, அவரையே எடுக்கவைத்தவர்.

இன்று மதியம், காலைப் பஸ்கள் எல்லாம் வந்து அடங்கிய பிறகு, பக்கத்து டெப்போவிலிருந்து ஒரு பஸ் பழுது பார்க்க வந்து சேர்ந்தது. அப்பா அதைப் பார்த்தார். காலி இடத்தைப் பார்த்தார். அளவு கச்சிதமாகப் பொருந்தும் என்று கண் சொன்னது. தலைக்குள் அந்த இசை.

விசில் ஊதினார். பஸ் உள்ளே போய் உட்கார்ந்தது. டீசல் டேங்க் படியில் ஏறி நின்று பார்த்தார். கையை நுழைக்க இடமில்லாமல் மொத்த யார்டும் பெட்டிக்குள் அடுக்கிய தீக்குச்சி மாதிரி இருந்தது. இத்தனை வருஷத்தில் அவர் பார்த்த மிக அழகான காட்சி. ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

அப்போதுதான் வாசலில் நின்ற பஸ், யாரோ பெருமூச்சு விடுவதுபோல 'உஸ்' என்று ஒரு சத்தம் போட்டது. காற்றுக் குழாய் விட்டுவிட்டது. காற்றுப் போனால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். பிறகு யானையை வைத்துத் தள்ளினாலும் சக்கரம் சுற்றாது. இழுவை வண்டி வந்து முன்பக்கத்தைத் தூக்கினால்தான் உண்டு.

இழுவை வண்டி டெப்போவிலேயே இருந்தது. கடைசி வரிசையில், கடைசி மூலையில், எல்லாப் பஸ்களுக்கும் பின்னால். அழகாகப் பொருந்த வேண்டும் என்று அங்கே வைத்தவர் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

*

இதுபோன்ற நேரத்தில் டிரைவர்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். ஆளுக்கு ஒரு யோசனை சொல்லி, ஆளுக்கு ஒரு பஸ்ஸை எடுத்தார்கள். வாசலில் மிச்சமிருந்த இடுக்கு வழியாக மினி பஸ் மட்டும் வெளியே போகும். ஒன்று போனது. அந்த இடத்தில் ஒரே நேரத்தில் இரண்டு பஸ்கள் மூக்கை நுழைத்து, முட்டிக்கொண்டு நின்றன. இரண்டு டிரைவர்களும் கண்ணாடி வழியாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொந்தக்காரர்கள் மாதிரி, விட்டுக்கொடுக்கிற எண்ணம் இரண்டு பக்கமும் இல்லை.

மேனேஜர் மாடியிலிருந்து ரப்பர் செருப்போடு இறங்கி வந்தார். அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. மாலையில் ஷிப்ட் முடிந்து ஃபாக்டரி ஆட்களும், ஆஸ்பத்திரிக்காரர்களும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ரோட்டுக்கு வருவதற்குள் பஸ்கள் வெளியே போகாவிட்டால், நாளையிலிருந்து நீங்கள் தொலைந்த பொருட்கள் அறையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பாவிடம் சாதாரணமாகச் சொன்னார். அந்த அறையில் பஸ்ஸில் விட்டுப்போன குடைகளும், ஒற்றைச் செருப்புகளும், முன்னாள் யார்டு சூப்பர்வைசர்கள் இரண்டு பேரும் இருக்கிறார்கள். ஒன்றையும் இதுவரை யாரும் தேடி வந்ததில்லை.

அப்பா ஓரமாகப் போய் அம்மாவுக்குப் போன் செய்தார். நிலைமையைச் சொல்லி, மகளிடம் கொஞ்சம் கேட்டுச் சொல்ல முடியுமா என்றார். இந்த மாதிரிச் சிக்கலை அவள் தினமும் போட்டுப் போட்டு அவிழ்க்கிறாள் அல்லவா.

அம்மா கையுறையைக் கழற்றுகிற சத்தம் கேட்டது.

"என்னங்க, ஃபேனைக் குறைக்கிறதுக்கு நான் வரேன். இதுக்கு வரமாட்டேன். நம்பர் இருக்குல்ல, நீங்களே பேசுங்க."

வைத்துவிட்டாள்.

அப்பா போனையும் யார்டையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டில் எது சுலபம் என்று அவருக்கே தெரியவில்லை. கடைசியில் போனை அமுக்கினார்.

*

பின்னறையில் போன் அடித்தபோது மகள் திரையைப் பார்த்துப் பயந்துபோனாள். அப்பா நேராகக் கூப்பிடுகிறார் என்றால் யாருக்கோ ஏதோ ஆகியிருக்க வேண்டும்.

"பாப்பா, யார்டு முட்டிக்கிச்சு."

அவள் திரையில் ஓடிய பஸ்ஸை நிறுத்தினாள். பிறகு, எந்த யார்டு என்று கேட்டாள்.

"நம்ம யார்டு. நீ அந்தப் பச்சை மினி பஸ் கட்டத்துல வெச்சிருந்தியே, வாசல்ல ஒண்ணு அடைச்சுக்கிட்டு. அதே மாதிரி. ஆனா மூச்சு இல்ல. மூச்சை நானே அடைச்சுட்டேன்."

பச்சை மினி பஸ் கட்டம் வெளியாகி இரண்டு நாள்தான் ஆகிறது. மகள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நீங்க எப்படிப் பார்த்தீங்க அதை?"

அந்தப் பக்கம் ஒரு பஸ் ஹாரன் மட்டும் கேட்டது. மினி பஸ் ஹாரன்.

"பாப்பா, அந்த ஹாரனைக் கேட்டியா. இப்படித்தான் இருக்கணும்னு எழுதினேன்."

மகள் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டாள். சிரிக்கலாமா, அழலாமா என்று யோசிக்க நேரமில்லை. டேங்க் மேல் ஏறி போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாள். ஒன்று ஏற்கெனவே இருக்கிறது என்று அப்பா ஒப்புக்கொண்டார். அடைபட்ட பிறகு உள்ளதும் ஒன்று வேண்டும் என்றாள்.

அவள் அந்த முற்றத்தை அப்படியே வரைந்தாள். எங்கே சுவர், எங்கே மேடை, எங்கே தூண் என்று போட்டோவைப் பார்க்கவே தேவைப்படவில்லை. சின்ன வயதில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய் அதே டேங்க் படியில் உட்கார்ந்து, பஸ்கள் நகர்வதை வாய் பிளந்து பார்த்த இடம் அது. அவளுடைய விளையாட்டே அங்கிருந்து வந்ததுதான். அப்பாவிடம் மட்டும் சொன்னதில்லை. பஸ்களுக்கு இஷ்டப்படி கலர் கொடுத்தாள். தூணுக்குப் பக்கத்தில் நின்றது நீலமாக வந்தது.

தானே போட்டுப் பார்த்தாள். மூன்று முறை ஹாரன் அழுதது. கம்ப்யூட்டரை யோசிக்க விட்டாள். அது யோசித்துக்கொண்டே இருந்தது. உடனே அவள் ஒரு காரியம் செய்தாள். 'இன்றைய சிறப்புக் கட்டம்' என்று தலைப்புப் போட்டு, எல்லாருக்கும் அனுப்பிவிட்டாள். இது நிஜம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நிஜம் என்று தெரிந்தால் ஜனங்கள் கருத்துதான் சொல்வார்கள், ஆடமாட்டார்கள்.

சாயங்கால டீ நேரம் அது.

*

இனி நடந்ததை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

ஒருவர் ஒரு முறை ஆடினால் அவர் போன வழி மகளின் திரையில் ஒரு மெல்லிய கோடாக விழும். முதலில் ஒரு கோடு. பிறகு இரண்டு மூன்று. பிறகு மழை பிடித்ததுபோல விழ ஆரம்பித்தது.

சலூனில் பாதி முகம் மழித்த ஒருவர், மீதி முகம் நுரையோடு ஆடினார். பல் டாக்டரின் வரவேற்பறையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தவர்கள் ஒற்றைக் கையால் ஆடினார்கள். ஜெராக்ஸ் கடையில் மெஷின் ஓடுகிற நேரத்துக்குள் ஒருத்தி ஆடினாள். அம்மாவின் ஆஸ்பத்திரியில் ஆவிப்பெட்டி சூடாறும்வரை நான்கு பேர் ஒரே போனில் தலையை இடித்துக்கொண்டு ஆடினார்கள். அம்மா மட்டும் ஆடவில்லை. உதட்டைக் கடித்தபடி பின்னால் நின்றாள்.

ஊரில் உள்ள பஸ் நிறுத்தங்களில் எல்லாம் ஜனங்கள் நின்றார்கள். ஏன் ஒரு பஸ்ஸும் வரவில்லை என்று டெப்போக்காரர்களைத் திட்டினார்கள். திட்டிக்கொண்டே, பொழுது போகப் போனை எடுத்து, ஒரு முற்றத்தில் மாட்டிக்கொண்ட பஸ்களை வெளியே எடுக்கப் பார்த்தார்கள். தாங்கள் காத்திருக்கும் அதே பஸ்ஸை விரலால் தள்ளிக்கொண்டிருக்கிறோம் என்று அதில் ஒருவருக்கும் தெரியாது.

மகள் கையைக் கன்னத்தில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கோடும் ஒரு மனுஷ மூளை. முகம் தெரியாது, பேர் தெரியாது. யாரோ ஒருவர் ஓர் இடத்தில் தயங்கியது தெரிந்தது. யாரோ பிடிவாதமாக ஒரே சுவரில் மோதினார். யாரோ தோற்றுவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, திரும்ப முதலிலிருந்து வந்தார். காசு இல்லை, பரிசு இல்லை, கேட்டவரும் இல்லை. ஒரு சின்ன இசைக்காக இத்தனை பேர் தன் அப்பாவின் யார்டுக்குள் இறங்கி, பஸ்ஸுக்குத் தோள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இதைத்தான் வேலை நேரத்தில் விளையாடுவது என்கிறார்கள். 

விடைகளும் வந்தன. எல்லாம் நீளம். நிஜ பஸ் ஒவ்வொன்றையும் விசில் ஊதி, கண்ணாடி பார்த்து நகர்த்த வேண்டும். அந்த விடைகளின்படி போனால், ஜனங்கள் நடந்தே வீடு போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

எல்லாரும் ஒரே மாதிரிதான் யோசித்திருந்தார்கள். இழுவை வண்டியை வாசல் பக்கம் இழுக்கப் பார்த்தார்கள். அப்புறம் ஒன்று வந்தது. அது எடுத்த எடுப்பிலேயே இழுவை வண்டியை வாசலுக்கு எதிர்ப்பக்கம், கழுவும் மேடை மேல் ஏற்றியது. பஸ்ஸை மேடையில் நிறுத்தக் கூடாது என்பது டெப்போ சட்டம். வரைந்த மகளுக்கே அது ஓர் இடமாகத் தோன்றவில்லை. ஆனால் அங்கே ஏறியதும் கடைசி வரிசை முழுக்கத் தளர்ந்தது. ஒன்றன்பின் ஒன்றாக, சட்டைப் பித்தான் கழற்றுவதுபோல, வழி திறந்துகொண்டே போனது.

ஆட்டக்காரரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி மட்டும் இருந்தது.

*

மகள் சொல்லச் சொல்ல அப்பா விசில் ஊதினார். முட்டிக்கொண்டிருந்த இரண்டு பேரில் ஒருவர் பின்வாங்கினார், இன்னொருவர் நன்றி சொல்லவில்லை. இழுவை வண்டி மேடை ஏறியது. அவள் திரையில் சிவப்பு முன்னால், மஞ்சள் பின்னால். டிரைவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மேனேஜர் செருப்பைக் கழற்றிவிட்டு டேங்க் படியில் ஏறி நின்றார். யார்டு அவிழ்வதை யாரும் இதற்கு முன் இப்படிப் பார்த்ததில்லை. பெரிய பெரிய வண்டிகள் ஒன்றையொன்று தொடாமல், கூட்டத்தில் தெரிந்தவருக்கு வழிவிடுவதுபோல விலகின.

"அடுத்தது ஒண்ணு வேஸ்ட்டுப்பா, அதை விட்டுடலாம்" என்றாள் மகள்.

என்ன என்று கேட்டார்.

"தேவையே இல்லாம நீலப் பஸ்ஸைப் பின்னாடி எடுத்து, தூணுல முட்டியிருக்காங்க. முட்டிட்டு அப்படியே விட்டுட்டாங்க. இது இல்லாட்டி இன்னும் ஒண்ணு குறைஞ்சிருக்கும். இவ்வளவு நல்லா ஆடினவங்க எதுக்கு இதைப் பண்ணாங்கன்னு தெரியல."

விசில் வரவில்லை.

டிரைவர்கள் இன்ஜினை உறுமவிட்டபடி காத்திருந்தார்கள். அப்பா விசிலை வாயில் வைத்தபடியே திரும்பி, மேடை ஓரத்துத் தூணைப் பார்த்தார். இன்று அதன் பக்கத்தில் நின்றது வெள்ளைப் பஸ்தான். கீறல் மட்டும் நீலம்.

"அப்பா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்." தூணிலிருந்து திரும்பி, "அடுத்ததைச் சொல்லு" என்றார்.

இழுவை வண்டி வாசலுக்கு வந்து, அடைத்து நின்ற பஸ்ஸின் மூக்கைத் தூக்கி ஓரமாக வைத்தது. வழி திறந்தது. மகளின் போனில் அந்தச் சின்ன இசை ஒலித்தது. யார்டில் ஒன்றும் ஒலிக்கவில்லை. ஒரு டிரைவர் மட்டும் ஹாரனை ஒரு தட்டுத் தட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள். பஸ்கள் வரிசையாக வெளியே போயின. வெளிச்சம் இன்னும் இருந்தது.

மேனேஜர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, தொலைந்த பொருட்கள் அறையில் இடம் இல்லை என்று பொதுவாகச் சொல்லிவிட்டு மாடி ஏறினார்.

நிறுத்தங்களில் நின்ற ஜனங்கள் பஸ் வந்ததும் போனைப் பைக்குள் போட்டு ஏறிக்கொண்டார்கள். தாமதத்துக்கு கண்டக்டரைத் திட்டினார்கள்.

காலியான யார்டில் அப்பா தனியாக நின்றார். போன் இன்னும் காதில் இருந்தது.

"பாப்பா, அந்த ஆள் எங்க இருக்கார்னு உன் கேமுக்குத் தெரியுமா?"

அவளுக்கு அப்போதுதான் நீலமும் தூணும் ஒன்றாகச் சேர்ந்தன. சின்னப் பெண்ணாக டேங்க் படியில் உட்கார்ந்திருந்தபோது, பானெட்டின் மேல் சித்தப்பா வைத்த சாவியைப் பற்றி மற்றவர்கள் கிசுகிசுத்தது ஞாபகம் வந்தது. இடம் தெரியாது என்றாள். அது சொல்லாது. ஆட்டத்தைத் திறந்து வைத்திருந்தால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு எரியும், அவ்வளவுதான்.

"எரியுதா?"

"எரியுதுப்பா. ஆடி முடிச்சும் இன்னும் போகல."

அப்பா தூண் வரைக்கும் நடந்து போனார். கீறலின் மேல் கையை வைத்தார்.

"இன்னொரு கட்டம் போடு. இதே யார்டுதான். நீலப் பஸ் அதே இடத்துல." குரலைச் சரிசெய்துகொண்டார். "தூணை மட்டும் எடுத்துடு."

மகள் வரைந்தாள்.  எல்லாருக்கும் அனுப்பவில்லை. அந்த ஒற்றைப் புள்ளிக்கு மட்டும் அனுப்பினாள்.

பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கட்டம் திறந்தது. அந்தப் பக்கம் யாரோ நீலப் பஸ்ஸின் மேல் விரலை வைத்தார்கள். அவள் திரையில் அது லேசாகத் துடித்தது.

நகரவில்லை. விரலை எடுக்கவும் இல்லை.

"என்ன பண்றான்?" என்று கேட்டார் அப்பா.